காய்க்காத கொடித்தோடை

பொத்துவில்
04.05.2025

அன்பின் நுஸ்ரத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். தபால்காரரைத் தடுக்க ஏலாது என்பதால் எழுதுகிறேன். கூடப்பிறந்த லாத்தா வீட்டில் சுகமாக இருக்கிறேன். போன மாரியில், “இது என்ட வீடு, ஏலாட்டிப் போங்க” என்று நீ சொன்னதில் கோபம் இல்லை. உன் வாப்பா உனக்குச் சீதனமாகத் தந்த வீடுதானே. ஆனால் பின்வளவுக் கொடித்தோடை, அந்தப் பாஷன் புரூட் கொடி, நான் விதை போட்டு முளைத்தது. வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் ஊற்றுகிறாயா? அதை மட்டும் எழுது.

ஷரிபுதீன்

சாய்ந்தமருது
12.05.2025

றுஸ்தாவின் வாப்பாவுக்கு,

வஅலைக்கும் முஸ்ஸலாம். மகளின் சுகம் கேட்காமல் கொடியின் சுகம் கேட்கிற மனிசனுக்கு என்ன எழுத? மகள் சுகம். கொடியும் இலை உதிராமல் பச்சையாக, குசினிக் கூரைவரை ஏறிவிட்டது.

பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு பூக்கள் விரியும். கடல் காற்றும் கருவண்டுகளின் இரைச்சலுமாகப் பந்தலின் கீழ் இருந்தால், நித்திரையா விழிப்பா என்று தெரியாது. நேற்று நீங்கள் கிணற்றடியில் முகம் கழுவுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். வாளிதான் ஆடிக்கொண்டிருந்தது.

பூவெல்லாம் மறுநாளே கொட்டுகிறது. ஒரு காய் இல்லை. துணை வேண்டுமாக்கும் என்று, நீங்கள் போன கையோடு அதிலேயே ஒரு துண்டு வெட்டிப் பக்கத்தில் நட்டேன். அதுவும் பூக்கிறது, காய்க்கவில்லை.

பிரிவதென்றால் காதியாரிடம் போ என்று கூடப்பிறந்த காக்கா நச்சரிக்கிறார். ஹஜ்ஜுப் பெருநாள் முடியட்டும் என்றிருக்கிறேன்.

நுஸ்ரத்

பொத்துவில்
20.05.2025

அன்பின் நுஸ்ரத்,

மகளைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்றுதான் கேட்கவில்லை.

அதே கொடியை வெட்டி நட்டால் அதுவும் அதே கொடிதான். இந்த மஞ்சள் இனத்துக்கு வேறு விதையில் முளைத்த இன்னொன்று பக்கத்தில் வேண்டும். லாத்தாவின் வளவில் இருந்து ஒரு கன்றை பஸ் கொண்டக்டர் முஸ்தாக்கிடம் கொடுத்துவிடுகிறேன். நான் வந்தால் யாருடைய வீட்டுக்கு வருகிறேன் என்ற கேள்வி வரும். அதனால் கன்று மட்டும் வருகிறது.

ஷரிபுதீன்

சாய்ந்தமருது
28.05.2025

றுஸ்தாவின் வாப்பாவுக்கு,

கன்று வந்தது. ஒரு இலைகூட வாடவில்லை. நான் அதை நடவில்லை, கிணற்றடி நிழலில் பையோடு வைத்திருக்கிறேன். றுஸ்தா குழி வெட்டி மாட்டெருவும் போட்டுவிட்டு, “வாப்பா வந்து நடட்டும்” என்கிறாள். எனக்கும் அதுதான் ஆசை.

காதியார் கதையை இனி எடுக்க வேண்டாம் என்று காக்காவிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் இல்லாத வீட்டை என் வீடென்று சொல்லி என்ன காண? கேற்றுக்குப் பூட்டில்லை, கொளுக்கி மட்டும்தான் போட்டிருக்கிறது. உங்கள் நம்பரையும் திறந்துவிட்டேன்.

ஆனால் போன் கோல் எடுக்க வேண்டாம். வாங்க. பைக்குள் வேர் சுற்றத் தொடங்கிவிட்டது.

உங்கள்
நுஸ்ரத்