பெயர் எழுதிய உறை

அக்கா, இன்று காலை தபால்காரர் உங்கள் பெயருக்கு ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். ஏதோ ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து வந்திருக்கிறது. முழு உடல் பரிசோதனைக்கு உங்களுக்கு மட்டும் சலுகையாம். நீங்கள் போய்ச் சேர்ந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. பெயரைக் கம்ப்யூட்டரில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். "கையால எழுதலன்னா பில்லுன்னு நெனச்சு ஓரமா வெச்சிருவான்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்.

காலடிப்பேட்டையில் நாம் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் கடை போட்டபோது, எல்லாரையும் போலப் பேப்பருக்குள் நோட்டீஸ் வைத்தோம். ஒருவரும் வரவில்லை. எதிர்க்கடையில் நம் நோட்டீஸில் பஜ்ஜி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்ததை நீங்கள்தான் காட்டினீர்கள். பெயர் எழுதித் தபாலில் அனுப்பலாம், தன் பெயரைப் பார்த்தால் யாரும் கசக்க மாட்டார்கள் என்றீர்கள். யாருக்கு அனுப்புவது என்பதிலும் தெளிவாக இருந்தீர்கள். சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு திருவொற்றியூர்த் தெருக்களில் நடப்பீர்கள். கொடியில் கைக்குழந்தைத் துணி காயும் வீடுகளே நமக்குக் கணக்கு. பக்கத்துக் கடையில் பேச்சுக் கொடுத்துத் தாயின் பெயரை வாங்கிவிடுவீர்கள். தகப்பன் பெயர் வேண்டாம், பயப்படுகிறவளுக்குத்தான் எழுத வேண்டும் என்பீர்கள். 'உங்கள் குழந்தை குடிக்கும் தண்ணீரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா?' என்று கடிதம் தொடங்கும். பெண்கள் வரத் தொடங்கினார்கள், இடுப்பில் குழந்தையோடும் கையில் கடிதத்தோடும்.

தேன்மொழி வந்தபோது இடுப்பில் குழந்தை இல்லை. நம் கடிதம் போய்ச் சேர்வதற்குள் அது இறந்துவிட்டிருந்தது. செத்த பிள்ளைக்கு எதற்குக் கடிதம் என்று சண்டை போடத்தான் வந்தாள். பிறகு நாற்காலியில் சரிந்து அழுதாள். பிறவியிலேயே இருதயத்தில் ஓட்டை, ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள் என்று அழுகைக்கு நடுவில் சொன்னாள். அதை நான் காதால் கேட்டேன். நீங்களும் கேட்டீர்கள்.

டீ வரவழைத்தீர்கள். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து மெதுவாகக் கேட்டீர்கள்.

"பால்ல கலக்க இன்னா தண்ணி ஊத்துன?"

"லாரித் தண்ணிதாங்கா."

"காய்ச்சியா?"

"காய்ச்சிதான். கேஸ் இல்லாத நாள்ல அப்படியே ஊத்திகீறேன்."

உச்சுக்கொட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள், அவ்வளவுதான். அவள் முகம் மாறியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூத்த பெண்ணாவது பிழைக்கட்டும் என்று அன்றே ஒரு மெஷின் எடுத்துப் போனாள். இருதய ஓட்டைக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களிடம் கேட்டேன். "சம்பந்தம் கீதுன்னு நான் சொன்னேனா?" என்றீர்கள்.

அடுத்த கடிதத்தை அவள் பெயரிலேயே நீங்கள் எழுதி அச்சடித்தீர்கள். 'காய்ச்சாத தண்ணீரைக் கொடுத்தேன். இன்று என் குழந்தை இல்லை. நீங்களாவது விழித்துக்கொள்ளுங்கள்.' கீழே அவள் கையெழுத்து. மற்ற பிள்ளைகளாவது பிழைக்கட்டும் என்று அவளே மனமுவந்து போட்ட கையெழுத்து. அதைத் தபாலில் சேர்க்க நான் மறுத்துவிட்டேன். நீங்களே போய்ப் போட்டுவிட்டு வந்தீர்கள். அதற்கு வந்த கூட்டம் வேறெந்தக் கடிதத்துக்கும் வந்ததில்லை. ராயபுரத்திலிருந்தெல்லாம் ஆட்டோ பிடித்து வந்தார்கள்.

அவள் தெருவுக்கும் அது போயிருந்தது. அவள் புருஷன் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவன். வாசலில் நின்று எல்லார் காதிலும் விழப் படித்தான். ஆஸ்பத்திரியில் சொன்னதை அவனும் கேட்டவன்தான், ஆனால் அச்சில் வந்ததைத்தான் நம்பினான். "புள்ளைய சாவடிச்சது நாந்தான்னு நீயே எழுதிக் குட்த்துகீற" என்று சொல்லிவிட்டு, மூத்த பெண்ணைத் தூக்கிக்கொண்டு தன் தாய் வீட்டுக்குப் போனான். இன்றுவரை மகளை அவள் கண்ணில் காட்டவில்லை.

போக்கிடம் இல்லாமல் நம்மிடமே வந்தாள். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று உறைகளில் பெயர் எழுத வைத்தீர்கள். அதைத் தெருவில் தருமம் என்று பேசிக்கொண்டார்கள்.

நீங்கள் கடையிலேயே மயங்கி விழுந்தீர்கள், பிறகு கண் திறக்கவில்லை. சாவு வீட்டில் உங்கள் பிள்ளைகள் சுவரில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேன்மொழிதான் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள், தன் கண்ணைத் திறந்துவிட்ட அக்கா என்று சொல்லிச் சொல்லி.

காரியம் முடிந்ததும் கடிதங்களை நிறுத்தினேன். அவளை உட்காரவைத்து உண்மையைச் சொன்னேன். ஒரு டாக்டரிடமும் அழைத்துப் போனேன். அவர் இருதயத்தை வரைந்து காட்டி, தண்ணீரால் இது வராது, தாய்மேல் எந்தத் தப்பும் இல்லை என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். திரும்பி வருகையில் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் மனசு நோவக் கூடாதுன்னு நீ சொல்றக்கா. அந்த டாக்டரும் அப்படித்தான். அந்தக்கா மட்டுந்தான் ஒளிக்காம எழுதுச்சு."

இன்னும் என்னுடன்தான் வேலை பார்க்கிறாள். சமயம் வாய்க்கும்போதெல்லாம் மறுபடி சொல்லிப் பார்க்கிறேன். நீங்கள் ஒரே ஒரு பக்கக் கடிதத்தில் அவளை நம்பவைத்ததை, தினமும் எதிரில் உட்கார்ந்திருந்தும் என்னால் அழிக்க முடியவில்லை. நாளைக்கும் சொல்வேன். அவள் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள், எனக்காக.