கண் சுருங்கும் இடம்

வாத்தியாரம்மா அவர்களுக்கு வணக்கம். நீங்களும் உங்கள் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும்.

பெயர் சொல்லி எழுதவில்லையே என்று நினைக்க வேண்டாம். தான் எழுதி அனுப்புகிற கம்ப்யூட்டர் நிரலைச் சரிபார்க்கிற உங்களை என் மகன் வீட்டில் இப்படித்தான் சொல்வான். "வாத்தியாரம்மா இன்னைக்கும் என் பேப்பரைத் திருத்தித் திருப்பி அனுப்பிட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே சாப்பிட உட்காருவான். நீங்கள் அவனை ‘விளக்குக்கடை’ என்று கூப்பிடுவதும் எனக்குத் தெரியும். அந்தக் கடை என்னுடையது. தள்ளுவண்டியில் பல்பு விற்று ஆரம்பித்தது. அதனால் அந்தப் பெயருக்கு முதல் சொந்தக்காரன் நான்தான்.

வியாபாரி என்பதால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடைசியாக உங்களுக்கு வந்த மூன்று பதில்களும் அவன் எழுதியவை அல்ல. நான் எழுதியவை. அவன் இறந்துவிட்டான். மதியம் சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் டாக்டர்.

அவனுடைய கம்ப்யூட்டரை அணைக்க யாருக்கும் மனம் வரவில்லை. அதில் உங்கள் கடிதங்கள் வந்தபடி இருந்தன. நேரில் பார்க்காத ஒருவருக்கு இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் கடையில் என்ன செய்வேனோ அதையே செய்தேன். சொன்ன சரக்கு வந்து சேராத நேரத்தில் வாடிக்கையாளர் வந்து நின்றால், முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் ரெண்டு நாளில் வந்துவிடும் என்று சொல்லி அனுப்புவோம். முதலில் "பார்க்கிறேன்" என்று எழுதினேன். அடுத்து "ரெண்டு நாளில் முடிந்துவிடும்" என்று எழுதினேன். மூன்றாவதாக "சரக்கு வழியில் இருக்கிறது" என்று எழுதினேன். அதற்கு நீங்கள், "என்ன சரக்குடா? குடிச்சிருக்கியா?" என்று கேட்டிருந்தீர்கள். படித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்தது நான்தான் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

அடுத்தது வந்தது. "டேய் விளக்குக்கடை, உயிரோட இருக்கியா இல்லையா? அதையாவது சொல்லு. அனுப்பினவன்தான் பதில் சொல்லணும், அது நம்ம சட்டம். அடுத்த வெளியீட்டுக்குள்ள சொல்லலைன்னா உன் வேலையைத் தூக்கிக் குப்பையில போட்டுடுவேன்." விளையாட்டாக எழுதினீர்கள் என்று தெரியும். நீங்கள் வருந்தக் கூடாது. ஆனால் இந்தக் கேள்விக்கு "பார்க்கிறேன்" என்று பதில் எழுத என்னால் முடியவில்லை. அதனால்தான் கடையின் முகவரியிலிருந்து எழுதுகிறேன்.

இங்கே எல்லாம் நடக்கிறது. மறுவாரமே கடையைத் திறந்துவிட்டேன். கை பெட்டியைப் பிரிக்கிறது, பல்பை மாட்டிப் பார்க்கிறது, பில் போடுகிறது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். வருகிறவர்கள் தேற்றுகிறார்கள். அவர்களுக்கு உட்கார நாற்காலி எடுத்துப் போடுகிறேன். போன வாரம் ஒரு சரவிளக்கைத் தப்பான வீட்டில் மாட்டிவிட்டு வந்திருக்கிறார் எலக்ட்ரீசியன். அந்த வீட்டம்மாவுக்கு விளக்கு பிடித்துப்போய், கழற்ற விட மாட்டேன் என்கிறார். வேறு சமயமாக இருந்தால் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

இனி, அவன் வேலையைப் பற்றி நீங்கள் முன்பு கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன்.

அவன் செய்துகொண்டிருந்த வேலை எனக்குப் பாதிதான் புரியும். எரிகிற விளக்கைப் படம் எடுத்தால் பல்பு வெறும் வெள்ளை ஓட்டையாகிவிடும். பல்பு தெரியும்படி எடுத்தால் அறை இருட்டாகிவிடும். இதனால் எங்கள் விளம்பரப் படம் ஒன்றுகூட உருப்படியாக வந்ததில்லை. அவன் வாங்கிய கேமரா இரண்டையும் சேர்த்துப் பிடித்தது. ஹெச்.டி.ஆர். படம் என்பான். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் மொத்தமும் அந்தக் கோப்புக்குள் இருக்குமாம். ஆனால் உங்கள் கூட்டம் காசு வாங்காமல் சேர்ந்து எழுதி, கட்டிக்கொண்டு அழுகிற அந்தச் சின்ன இயங்குதளத்தில் அந்தப் படத்தைத் திறந்தால் சாம்பல் நிறக் கட்டம்தான் வரும். அதில் அந்தப் படம் திறக்கும்படி நிரல் எழுதுவதுதான் அவன் வேலை. ஊர் உலகமே வைத்திருப்பதை வாங்கிப் போட்டால் ஒரு நொடியில் திறக்குமே, உனக்கென்ன தலையெழுத்தா என்று கேட்டேன். "நீங்க மட்டும் பெரிய கம்பெனியில வேலைக்குப் போகாம ஏம்ப்பா வண்டி தள்ளுனீங்க?" என்று திருப்பிக் கேட்டான்.

அவன் எழுதியதில் ஒரு எண் இருக்கிறது, அதற்கு மேலே போகிற வெளிச்சத்தை அடக்கி மடித்துக் காட்டும்படி செய்திருக்கிறான், அந்த எண் எங்கிருந்து வந்தது, வானத்திலிருந்து விழுந்ததா என்று கேட்டிருந்தீர்கள். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

உங்கள் கடிதத்தில் அந்த எண்ணைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்தது போல இருந்தது. கடையின் பின் அறையில், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் குமிழுக்குப் பக்கத்தில் அவன் ஒரு துண்டு டேப்பை ஒட்டியிருக்கிறான். அதில் எழுதியிருப்பது அதே எண்.

அது அவன் அம்மாவின் கண். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைச் சரவிளக்குக்கு எதிரே உட்கார வைத்து, வெளிச்சம் அளக்கிற கருவியைக் கன்னத்தருகே பிடித்துக்கொண்டு, குமிழை மெல்லத் திருப்பினான். "அடேய், நான் என்ன விளக்கா வாங்க வந்திருக்கேன்?" என்று அவள் சத்தம் போட்டாள். எந்த இடத்தில் கண்ணைச் சுருக்கினாளோ அங்கே நிறுத்தி அளந்தான். அந்தக் கேமராவில் அவளைப் படமும் எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் செய்தான். ஒவ்வொரு முறையும் அதே இடம்தான். "அம்மா தாங்குற வெளிச்சத்தை உலகம் தாங்கும்ப்பா" என்றான். வேறு யாரையும் அளக்கவில்லையா என்று கேட்காதீர்கள். அவனுக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.

பார்க்காத சரக்கை அனுப்பிப் பழக்கமில்லை எனக்கு. அதனால் நேற்று அவளைப் பின் அறைக்கு அழைத்துவந்து அதே நாற்காலியில் உட்கார வைத்தேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. குமிழைத் திருப்பினேன். டேப் ஒட்டிய இடம் வந்தது. தாண்டியது. கடைசி வரை திருப்பிவிட்டேன். நான் கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் கண்ணைச் சுருக்கவே இல்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றேன். சரி என்றாள்.

இதை வைத்து எண்ணை மாற்றிவிட வேண்டாம். அவன் அளந்த அன்று அதுதான் சரி.

அனுப்பியவன்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது உங்கள் சட்டம். சட்டத்தை நான் மதிக்கிறேன். அவனால் முடியாது, அதனால் அவனைப் பெற்றவன் சொல்லியிருக்கிறேன். இது செல்லுமா என்று உங்கள் கூட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். செல்லும் என்றால், அவன் வேலையைத் தூக்கிப் போடாமல் மிச்சத்தை நீங்கள் முடித்துக் கொடுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைப் படங்கள் அவன் கம்ப்யூட்டரில் சாம்பல் கட்டங்களாக இருக்கின்றன. வேறு கம்ப்யூட்டரில் உடனே திறந்து தருகிறேன் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். வேண்டாம் என்றேன். அவன் எழுதியது திறக்கும்போது திறக்கட்டும்.

இன்னொன்று. இனிமேலும் அதில் குற்றம் குறை தெரிந்தால் என் முகவரிக்கு எழுத வேண்டாம். பழையபடி அவன் முகவரிக்கே எழுதுங்கள். டேய் என்றே எழுதுங்கள், நன்றாகத் திட்டி எழுதுங்கள். கம்ப்யூட்டரை அணைக்க மாட்டேன். பதில் மட்டும் வராது.

ராத்திரி பகலாகத் திரையைப் பார்க்கிறவர் நீங்கள். உங்கள் கண் நன்றாக இருக்க வேண்டும், தாயே.

இப்படிக்கு,
பெரிய விளக்குக்கடை