வழுக்கையின் உச்சியில் ஒரு ‘சாப்டியா?’

மார்ச் 3, திங்கள்

துணி ஊறவைக்கும் முன் இவருடைய பேண்ட் பையைத் தடவினேன். வெள்ளைத் தூள். கணக்கு வாத்தியார் பையில் சாக்பீஸ் தூள் இருப்பதில் என்ன அதிசயம் என்று உதறப் போனவள், ஏனோ விரலில் தேய்த்துப் பார்த்தேன். சாக்பீஸ் நறநறக்கும். இது ஈரத்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டிக்கொண்டது. கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருடமாக லென்ஸ் தேய்க்கிறேன். தூள் விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது.

பாறை ஏறும்போது கை வியர்க்காமல் இருக்கப் பூசுகிற தூள் இது. இந்த வீட்டுக்குள் வந்ததே இல்லை. நாங்கள் ஏறுவதை நிறுத்தி இருபத்தொரு வருடம்.

மார்ச் 4, செவ்வாய்

கேட்கவில்லை. இரண்டு தடவை வாய் வரைக்கும் வந்தது.

மார்ச் 6, வியாழன்

கடையில் கூட்டமில்லை. மெஷின் பாட்டுக்கு ஓடியது, மனசு பாட்டுக்கு வழுக்கைக்குப் போய்விட்டது.

ஊருக்கு வெளியே நிற்கும் பாறைக்கு நாங்கள் வைத்த பெயர் அது. உச்சியில் ஒரு புல்கூட முளைக்காது. நூறு அடி, செங்குத்து. மூன்று பேர் ஏறினோம். நான், இவர், ஒட்டடை. இவர் அப்போது ‘அவன்’தான், மாமியார் வீட்டில் நான் காலடி வைத்த அன்று ‘இவர்’ ஆனார். ஒட்டடை எங்கள் சிநேகிதன், ஒட்டடைக்குச்சி மாதிரி நெடுநெடுவென்று இருப்பான். கையை நீட்டினால் பாதிப் பாறை எட்டிவிடும் அவனுக்கு.

கயிறு கிடையாது. ஏன் என்று இப்போது கேட்டாலும் ஒழுங்காகச் சொல்ல வராது. கயிறு இல்லாதபோது உலகத்தில் மிச்சம் இருப்பது அடுத்த பிடி ஒன்றுதான். அப்பாவின் கோபம், கிடைக்காத வேலை, எதுவும் ஞாபகம் இருக்காது. அவ்வளவு நிம்மதி பிறகு எனக்கு எங்கேயும் கிடைக்கவில்லை.

கீழே நிற்பவர் அண்ணாந்து பார்க்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். கீழே இருப்பவரின் பயம் மேலே தொற்றிவிடுமாம். பாறைக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். முதல்முறை உச்சிக்குப் போய் உட்கார்ந்தபோது என்ன கத்துவதென்று தெரியாமல் “சாப்டியா?” என்று கத்திவிட்டேன். கீழே இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து அதுதான் எங்கள் சொல். உட்கார்ந்த பிறகே சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகே கீழே இருப்பவர் திரும்பலாம்.

இன்றும் மத்தியானம் பன்னிரண்டு நாற்பதுக்குப் பள்ளியிலிருந்து போனில் வரும்: சாப்டியா? எல்லாப் புருஷனும் கேட்பதுதான். எங்களுக்கு அது ‘உயிரோடு இருக்கிறேன்’.

மார்ச் 9, ஞாயிறு

சர்க்கரைக்கு டாக்டர் நடக்கச் சொன்னதிலிருந்து ஞாயிறு காலையில் இவர் பூங்காவுக்குப் போகிறார். இன்றும் போனார். 6.50க்குப் போனில்: சாப்டியா?

பல்கூடத் தேய்க்காத நேரத்தில் யாராவது அப்படிக் கேட்பார்களா? உச்சியில் உட்கார்ந்ததும் கை பழக்கத்தில் அனுப்பிவிட்டது. அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எட்டரைக்கு வந்து, பூங்காவில் இன்று நல்ல கூட்டம் என்றார். பாவி மனுஷா. ஐம்பதைத் தொடப்போகிற வயசில் — பொய் வேறு.

மார்ச் 10, திங்கள்

ஒட்டடை விழுந்தது கஷ்டமான இடத்தில் இல்லை. எல்லாம் தாண்டிவிட்டான். ஒரே ஒரு பிடி பாக்கி, அதுவும் குழந்தைகூடப் பிடிக்கிற பிடி. சந்தோஷம் தாங்காமல், உட்காரும் முன்பே “சாப்டீங்களா?” என்று கத்தினான். சொல் வந்துவிட்டதே என்று நாங்கள் சிரித்துக்கொண்டே திரும்பினோம். அதனால் எல்லாவற்றையும் பார்த்தோம்.

மகள் அப்போது வயிற்றில் நாலு மாதம். இனி ஏறுவதில்லை என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் இருவரும் சத்தியம் செய்தோம். அவள் வெளியூருக்குப் படிக்கப் போய் ஏழு மாதம் ஆகிறது. அவள் போனதும் சத்தியமும் போய்விட்டதா?

மார்ச் 16, ஞாயிறு

இவர் ஸ்கூட்டரில் கிளம்பியதும் வழுக்கைப் பக்கம் போகிற முதல் பஸ்ஸைப் பிடித்தேன். ஸ்கூட்டர் மரத்தடியில் நின்றது. பாதி உயரத்தில் நீலச் சட்டை. கத்தினால் கை நழுவும். ஒன்றும் செய்யத் தோன்றாமல், பாறைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். எத்தனை நேரம்? தெரியாது.

கையில் இருந்த போன் அலறியது. மெஷின் சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று எப்போதும் முழுச் சத்தத்தில் வைத்திருப்பேன். சாப்டியா?

அப்புறம்தான் திரும்பினேன். உச்சியில் உட்கார்ந்தபடி அவர் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அனுப்பிய செய்தி காலடியிலேயே மணியடித்ததும் முகம் செத்துப்போயிருந்தது.

பின்பக்கப் பாதையில் இறங்கி வந்து எதிரில் நின்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். ஆறு வாரமாம்.

“ஒட்டடை முகம் மறந்துபோச்சு. குரல் மட்டும்தான் இருந்துச்சு. அந்தக் கடைசிப் பிடியில கை வச்சா முகம் வருது.”

ஓங்கி அறையத்தான் நினைத்தேன். அழுகை வந்துவிட்டது.

“நீயும் விழுந்தா ரெண்டு முகத்தையும் நான் ஒருத்தியே ஞாபகம் வச்சிருக்கணும். என்னால ஆகாது.”

பஸ்ஸில் போகிறேன் என்றேன். கேட்கவில்லை, ஸ்கூட்டரிலேயே கூட்டி வந்தார்.

மார்ச் 18, செவ்வாய்

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பயம் மட்டும் இல்லை. என்னை விட்டுவிட்டுப் போனாரே என்கிற கோபமும்தான். அந்தத் தூளை இன்னும் கொட்டவில்லை — பொட்டலமாக மடித்து மசாலா டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். நான் என்ன யோக்கியம்?

மார்ச் 21, வெள்ளி

சொல்லிவிட்டேன். ஏறினால் இரண்டு பேரும், கயிற்றோடு. இல்லையென்றால் யாரும் இல்லை. கயிறு கட்டினால் அது ஏறுவதே இல்லை என்று முனகினார். எனக்கும் தெரியும் என்றேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அவன் பின்பக்கமாகப் போய் உச்சியில் வளையம் மாட்டிக் கயிற்றைக் கோர்த்துவிட்டு வந்தான். ஒரு முனை என் இடுப்பில், மறுமுனை அவன் கையில். நான் முதலில் ஏறினேன்.

பழைய நிம்மதி வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். என்னை நம்பாமல் யாரோ இடுப்பைப் பிடித்துக்கொண்டே வருவது போல இருந்தது. முட்டி வலித்தது. பாதியில் ஒரு முறை கால் வழுக்கியது, கயிறு தாங்கியது. அந்தக் காலமாக இருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

கடைசிப் பிடியில் கை வைத்தேன். முகம் வந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு.

மேலே போய், இரண்டு காலையும் மடக்கி ஒழுங்காக உட்கார்ந்து, மூச்சு வாங்கிய பிறகு கத்தினேன். “சாப்டியா?”

கீழே அவன் ஏற்கெனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கயிறு பிடிப்பவன் அண்ணாந்து பார்த்தே ஆக வேண்டும் அல்லவா? நான் ஏறுவதை அவன் முழுசாகப் பார்த்தது இன்றுதான்.

“அடிப்பாவி, இப்படியா ஏறுவே நீ? தெரிஞ்சிருந்தா அன்னிக்கே வேண்டாம்னு சொல்லியிருப்பேன்.”

குரல் உடைந்திருந்தது. கயிற்றை மட்டும் இன்னும் தளர்த்தவில்லை.