எந்த விளக்கும் தேறவில்லை, அக்கா

என் செல்ல அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். நீ இருந்திருந்தால் கொஞ்சம் கூட்டிச் சொல்லி உன்னைச் சிரிக்க வைத்திருப்பேன். இப்போது உன்னிடம் ஒன்றைக்கூட மாற்றிச் சொல்ல மனம் வரவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். சாரணியர் முகாம் இந்த முறை வெம்பக்கோட்டை அணைப் பக்கம். எங்கள் குழுவுக்கு நான்தான் தலைவி. கூடாரத்துக்கான விளக்கைத் தலைவிதான் கொண்டுவர வேண்டுமாம். நீ போன பிறகு அம்மா என்னை எங்கும் அனுப்பியதில்லை. கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டதில், "வெளக்கை நான்தான் பாத்து வாங்குவேன்" என்று சொல்லிச் சம்மதித்தாள்.

திருத்தங்கல் கடையில் ஒரு அரிக்கேன் விளக்கை எடுத்தாள். விலை கேட்கவில்லை, திரியைப் பார்க்கவில்லை. குனிந்து அதன் அடிப்பாகத்தைக் கடைவாசல் சிமெண்ட் படியில் வறக் வறக்கென்று தேய்த்தாள்.

"யக்கா, வெளக்கு வாங்க வந்தீகளா, வெளக்கிக் குடுக்க வந்தீகளா?" என்றார் கடைக்காரர். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"பொறி பறக்குதான்னு பாக்கேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. நீ வேலை பார்த்த பட்டாசு ஷெட்டில் யாரோ இரும்புச் சட்டியைத் தரையில் இழுத்ததால்தான் வெடித்தது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டார்கள். கடைக்காரரும் கேட்டிருப்பார். தகர விளக்குகளை உள்ளே தள்ளிவிட்டு, பேட்டரியில் எரியும் பிளாஸ்டிக் விளக்கு ஒன்றை நீட்டினார். "இதுல தீயே கெடையாது தாயி. புடிங்க."

அம்மா அதைத் தன் நைலான் சேலையில் தேய்த்து, கைக்கருகே பிடித்தாள். கைமுடி எழுந்து நின்றது.

"முடியை இழுக்குதுல்ல? கம்பெனிக்கு நைலான் சேலையே கட்டிட்டு வரக்கூடாதுங்காக. இது மட்டும் ஆகுமா?"

"இது வெடிமருந்து ரூமுக்கு இல்லம்மா, டேமுக்கு! அங்கன தண்ணிதான் இருக்கு."

"ஏட்டி, மருந்து இல்லாத எடம்னு எவன் சொன்னான்? நம்ம தலையில, துணியிலன்னு கூடவேல்ல வருது."

அவள் தலைமுடியில் கம்பெனியில் ஒட்டிய அலுமினியப் பொடி மின்னிக்கொண்டிருந்தது. எந்த விளக்கும் தேறவில்லை. அம்மாவும்தான் தேறவில்லை.

வெறுங்கையோடு வீடு திரும்பினோம். என் தோழி செல்வி விளக்கு கொண்டுவருகிறாள் என்று தெரிந்ததும், அதன் பக்கத்தில் உட்காரக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அம்மா அனுப்பினாள். பஸ் ஏறும்வரை என் முழங்கையை விடவில்லை.

இன்று சாயங்காலம் செல்வி அரிக்கேனை ஏற்றினாள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள். நான் தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

"ஏய் தலைவி, அங்கன கொசுவுக்கா தலைமை தாங்குத? இங்கன வா!" என்றாள் செல்வி.

எழுந்தேன். சத்தியத்தை மீறிப் போய்விடத்தான் நினைத்தேன் அக்கா, அதுதான் உண்மை. ஆனால் கால் நகரவில்லை. செல்வி கையைப் பிடித்து இழுத்தும் நகரவில்லை. அம்மாவின் பயம் என்றுதானே அதுவரை நினைத்திருந்தேன்? எனக்குள் அது எப்போது வந்தது? இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

வீட்டுக்குப் போனதும், "நீ சொன்னபடியே தள்ளித்தான் இருந்தேம்மா" என்பேன். கால் நகராததை அவளிடம் ஒருநாளும் சொல்ல மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கூடாரத்துக்குப் பக்கத்துக் கட்டட வராந்தாவில், டியூப் லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் எழுதினேன். டீச்சர் லைட்டையெல்லாம் அணைக்க வந்துவிட்டார்கள்.

உன் கூடப்பிறந்தவள்,
தங்கச்சி