தயார் நிலையில் ஒன்று

அம்மாபேட்டை, சேலம்
14.5.2021

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

நலம். நீயும் உன் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது ஏன் தாளை எடுத்தேன் என்பது உனக்கே தெரியும். நாம் பேசும்போதெல்லாம் உன் வீட்டுக்காரர் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். நடுவில் அவர் தொண்டையைச் செருமுவது எனக்குக் கேட்கிறது. உங்கள் பக்கத்துப் பண்ணையிலிருந்து இங்கே முட்டை கொண்டுவரும் வேன் டிரைவர் ஆண்டி, கடிதத்தை உன் கையிலேயே கொடுப்பதாகச் சொன்னார்.

நீங்கள் தோட்டத்துக்குப் போனது நல்லதுதான். இங்கே பார்க்கச் சகிக்கவில்லை. காலனிச் சங்கத்துக்காகத் தினமும் ‘இன்றைய நிலவரம்’ எழுதுகிறேன். எந்தப் பள்ளியில் தடுப்பூசி, எங்கே காய்ச்சல் முகாம், அடைபட்டுக் கிடக்கும் வீடுகளுக்கு யார் சாப்பாடு தருவார்கள், எந்த மருந்துக்கடை திறந்திருக்கிறது. கல்லூரியில் இத்தனை வருடம் தாவரவியல் நடத்தியவள், இதையாவது பிழையில்லாமல் செய்யலாம் என்று ஏற்றுக்கொண்டேன். அனுப்பிய மறுநிமிடமே ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வந்து அதை மூடிவிடுகின்றன. நேற்று கபசுரக் குடிநீர் கொடுத்தோம். குடித்தவர்கள் காகிதக் கோப்பைகளை இன்னாசிமேரி அக்கா வீட்டு வாசலில் வீசிவிட்டுப் போனார்கள். ஏற்கெனவே நோய் வந்த வீடுதானே என்று ஒருவர் எனக்கு விளக்கம் வேறு சொன்னார்.

ஆமாம், அக்காவுக்கு வந்துவிட்டது. போன வருடம் வெட்டுத்துணி கேட்டு வாங்கிக் காலனி முழுக்க முகக்கவசம் தைத்துக் கொடுத்த அதே அக்காவுக்கு. பொருளாளர் தீனதயாளன் அவர் வீட்டு கேட்டில் தகரம் அடித்தார். மாநகராட்சி சொல்லவில்லை, இவராகவே அடித்தார். அதை வீடியோ எடுத்துக் குழுவிலும் போட்டார். ஆணி அடிக்கிற சத்தத்துக்கு நடுவே அக்கா உள்ளே இருமுவதும் பதிவாகியிருக்கிறது. அதற்குக் கைதட்டும் பொம்மைகள் போட்டிருக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். சங்கம் வாங்கிய ஆக்சிஜன் மிஷினை அக்காவுக்குக் கேட்டு அவர் மகன் ஜெர்ரி உன் வீட்டுக்காரரை அழைத்தான். தலைவர் என்பதால் சங்க அறையின் சாவி அவரிடம்தானே. “அது சர்வீசுக்குப் போயிருக்குது தம்பி” என்றாராம். ரிப்பன் வெட்டியதோடு சரி, ஒருநாள்கூட ஓடாத மிஷினுக்கு என்ன சர்வீஸ்? தினமும் கடைசி வரியாக நான் எழுதுவது இது: “ஆக்சிஜன் செறிவூட்டி: ஒன்று, தயார் நிலையில். தேவைப்படுவோர் தலைவரை அழைக்கவும்.” அதற்கு வீடு வீடாகப் படியேறி வசூலித்தவரே அக்காதான்.

எங்கே இருக்கிறது என்று கேட்டு எழுது. அக்காவின் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் இன்று தொண்ணூற்றொன்று காட்டுகிறது.

அன்புடன்,
ஜோஸ்லின்


மல்லசமுத்திரம் தோட்டம்
15.5.2021

அன்புள்ள ஜோசுக்கு,

உன் எழுத்தைப் பார்த்து எத்தனை வருடமாயிற்று. ஹாஸ்டலில் விடுமுறைக்குப் போனால் வாரம் தவறாமல் எழுதுவாயே, அது நினைவுக்கு வந்தது. ஆண்டியிடம் இரண்டு தட்டு முட்டை கொடுத்திருக்கிறேன். தினமும் இரண்டு வேகவைத்துச் சாப்பிடு. நீ தனியாக இருப்பதை நினைத்தால் எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை. டீயும் பிஸ்கட்டுமாகவே பொழுதை ஓட்டுகிறாய் என்று தெரியும்.

இங்கே ஒரு குறையுமில்லை. அவருடைய போர்வெல் வண்டிகள் இரண்டும் சும்மா நிற்கின்றன, அந்தக் கோபம்தான் அவருக்கு. கேட்டைப் பூட்டியே வைத்திருக்கிறோம். பால்காரர் வந்தால்கூடக் கல்லின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அத்தை நன்றாக இருக்கிறார். காலையில் பூப் பறிக்கிறார், மாட்டுக்குச் சோளத்தட்டு போடுகிறார். அவருக்குப் புதுச்சாமான் எது வந்தாலும் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாக வேண்டும். போர் வண்டிக்கு வைப்பார், குக்கருக்கு வைப்பார், போன வாரம் வந்ததற்கும் வைத்தார். “இது கூலரா சாமி, காத்தே வரக்காணம்” என்று அதன்மேல் கைத்துண்டைக் காயப்போடுகிறார்.

இன்னாசிமேரி அக்காவுக்கு இப்படி ஆனது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. என் ஜாக்கெட் அளவு அவருக்கு மனப்பாடம். ஆவி பிடிக்கச் சொல். மிஷின் விஷயம் எனக்குத் தெரியாது ஜோசு. அவரிடம் அதையெல்லாம் கேட்டால் வீட்டில் சத்தம்தான் மிஞ்சும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன்,
சௌந்திரம்


அம்மாபேட்டை
16.5.2021

அன்புள்ள சௌந்திரம்,

போன வாரம் வந்தது எது?

உனக்குப் பொய் எழுத வராது. பரீட்சையில்கூடத் தெரியாததைத் தெரியாது என்று எழுதிவிட்டு வந்தவள் நீ. அதனால்தான் பொட்டு வைத்த கூலரைப் பற்றி எழுதினாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ரிப்பன் வெட்டிய அன்று எடுத்த படம் என் போனில் இருக்கிறது. ஆறு ஆண்கள், ஆறு பேருக்கும் முகக்கவசம் தாடையில், நடுவில் மாலை போட்ட வெள்ளைப் பெட்டி. அந்தப் படத்தில் அக்கா இல்லை. அவரைத்தான் படம் எடுக்கச் சொன்னார்கள்.

இன்று எண்பத்தாறு. ஆம்புலன்ஸ் வந்தது, படுக்கை எங்கும் காலியில்லை, வண்டியிலேயே காத்திருக்க வேண்டியிருக்கும் என்றார்கள். “ரோட்ல கெடந்து சாகறதுக்கு என் ஊட்லயே கெடக்கறேன்” என்று அக்கா இறங்கி வந்துவிட்டார். ஜெர்ரி அவரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். நான் தகரத்தின் இந்தப் பக்கம் நின்று அவனுடன் பேசினேன். மாடியிலிருந்து தீனதயாளன், “மேடம், நீங்களே இப்பிடிப் பக்கத்துல போய் நின்னா எப்பிடிங்க” என்றார். ஜெர்ரியிடம் பேசி முடித்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

பூச்சிபோலச் சாகட்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவரவர் வீட்டு வாசலில் மஞ்சள்தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆண்டியின் வண்டியில் மிஷினை ஏற்றி அனுப்பு. உன்னை இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை.

ஜோஸ்லின்


மல்லசமுத்திரம் தோட்டம்
18.5.2021

அன்புள்ள ஜோசு,

முட்டைத் தட்டுகளுக்குப் பின்னால் கோணிச் சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறேன். பார்த்து இறக்கச் சொல்.

நேற்றே அனுப்பியிருக்க வேண்டும். முடியவில்லை. நேற்று சாப்பாடு போடும்போது கேட்டுப் பார்த்தேன்.

“ஏனுங்க, அந்தப் பொட்டிய அனுப்பிரலாமுங்களா? இன்னாசிமேரி அக்காளுக்கு மூச்சுத் திணறுதாமா.”

“அனுப்பிப் போட்டு? நாளைக்கு எங்கம்மாளுக்கு ஒண்ணுன்னா நீ பக்கத்துல உக்காந்து வாயில ஊதி உடுவியா?”

“அத்தைக்கு ஒண்ணுமில்லீங்களே.”

“ஒண்ணுமில்லாதப்பத்தான் வெச்சுக்கோணும். வந்தப்புறம் தேடித் திரியறதுக்கு நானென்ன உன்ற சிநேகிதியா, தெனமும் நோட்டீஸ் எழுதிக்கிட்டு?”

அத்தை கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “எனக்கெதுக்கு சாமி அது, குடுத்துரு” என்றார். என் வீட்டுக்காரர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

இன்று காலை வண்டி பார்க்கத் திருச்செங்கோடு போனார். அந்த நேரத்தில் ஆண்டியைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டேன். இருபத்தைந்து வருடத்தில் இந்த வீட்டிலிருந்து அவருக்குத் தெரியாமல் ஒரு தேங்காய்கூட வெளியே போனதில்லை.

ஒரு உதவி. ‘நிலவரத்தில்’ எழுதும்போது, மிஷின் சர்வீஸ் முடிந்து வந்தது, தலைவர் மோகன்குமார் அனுப்பிவைத்தார் என்று எழுதிவிடு. நாலு பேர் நன்றி சொன்னால் அவர் வாய் அடைத்துப்போகும். இல்லையென்றால் நான் இங்கே இருக்க முடியாது. என் மேல் வெறுப்பு வந்திருக்கும் உனக்கு. இருந்தாலும் இதைச் செய்.

உன்,
சௌந்திரம்


அம்மாபேட்டை
21.5.2021

அன்புள்ள சௌந்திரம்,

மிஷின் 18ஆம் தேதி பத்து மணி வாக்கில் வந்தது. இன்னாசிமேரி அக்கா அன்று விடிவதற்கு முன்பே போய்விட்டார்.

ஆண்டி கோணியை எடுத்தபோது பெட்டியின் மேல் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூடக் கிழியாமல் இருந்தது. அதன்மேல் மஞ்சள், அதன்மேல் குங்குமம். பங்குச் சாமியார் கல்லறைக்கு வந்தார். ஜெர்ரியும் பிளாஸ்டிக் உடுப்புப் போட்ட நான்கு பேரும் நானும். அக்கா தைத்த முகக்கவசத்தைத்தான் நான் போட்டிருந்தேன்.

நீ கேட்டபடியே எழுதிவிட்டேன். சர்வீஸ் முடிந்து வந்தது, தலைவர் அனுப்பிவைத்தார். உனக்காக மட்டும். எழுதி முடித்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். தீனதயாளன் ‘தலைவரின் துரித நடவடிக்கை’ என்று பழைய ரிப்பன் படத்தைப் போட்டார். நன்றி வந்து குவிந்தது. அவற்றில் ஒன்று ஜெர்ரி போட்டது. “எங்கம்மாவுக்குக் குடுத்து வைக்கல, அடுத்தவங்களுக்காச்சும் ஆகட்டும். ரொம்ப நன்றிங்க சார்.”

உன் வீட்டுக்காரர் அதற்கு ஒரு கைகூப்பு போட்டிருக்கிறார். நீயும் பார்த்திருப்பாய்.

தகரத்தை இன்னும் யாரும் கழற்றவில்லை.

ஜோஸ்லின்


மல்லசமுத்திரம் தோட்டம்
9.6.2021

அன்புள்ள ஜோசுக்கு,

இத்தனை நாள் எழுதவில்லை என்று கோபிக்காதே. உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் அழுதேன். அக்காவுக்காக அத்தை விளக்கேற்றினார்.

நீ செய்த உதவியை மறக்க மாட்டேன். முதல் நாள் குதித்தார், குழுவில் நன்றியெல்லாம் வந்ததும் அடங்கிவிட்டார். இப்போது அவரே அனுப்பியதாக ஓமலூர்ச் சொந்தக்காரர்களிடம் சொல்கிறார். சிரிப்பதா என்ன செய்வதென்று தெரியவில்லை. மகள் கனிஷ்கா பெங்களூரிலிருந்து வந்துவிட்டாள், வீட்டிலிருந்தே வேலை. வீடு கலகலப்பாக இருக்கிறது. உனக்கும் மூன்று தட்டு முட்டை வைத்திருக்கிறேன், இந்த முறை பெரிய முட்டை.

இன்னொன்று. அங்கே இப்போது நோய் குறைந்துவிட்டதாக உன் நிலவரத்திலேயே போட்டிருக்கிறாய். மிஷினும் சும்மாதானே இருக்கும். மூன்றாவது அலை வரும் என்கிறார்கள். இங்கே அத்தைக்கும் வயதாகிறது, கனிஷ்காவுக்கும் சின்ன வயதில் வீசிங் இருந்தது உனக்குத் தெரியுமே. அவர் கேட்கச் சொல்லவில்லை, நானாகத்தான் கேட்கிறேன். ஆண்டியின் வண்டி காலியாகத்தானே திரும்புகிறது. வெளியே தெரிய வேண்டாம். ‘தயார் நிலையில்’ என்று நீ வழக்கம்போல் எழுதிக்கொண்டிரு. யாருக்காவது வேண்டுமென்றால் நான் உடனே அனுப்பிவிட மாட்டேனா.

என்றும் உன்,
சௌந்திரம்


அம்மாபேட்டை
10.6.2021

சௌந்திரம்,

கடிதம் கிடைத்தது. அதை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, அவர் சொல்லச் சொல்ல நீ எழுதியது என்று நினைத்துக்கொண்டு படித்தேன். இரண்டாம் முறை அப்படி நினைக்க முடியவில்லை.

மிஷின் சும்மா இல்லை. பின்தெருவில் பெருமாயியின் கணவருக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று உன் கடிதம் வந்த பிறகு ஜெர்ரியைக் கூப்பிட்டு, மே மாதம் அது எங்கே இருந்தது என்று சொன்னேன். அவன் நேரே பெருமாயி வீட்டுக்குப் போய், ஈரத்துணியால் அந்தப் பொட்டைத் துடைத்துவிட்டு வந்தான். பிறகு ஆணி பிடுங்கும் சுத்தியலை என்னிடம் வாங்கிக்கொண்டு போய் அவனே தகரத்தைக் கழற்றினான்.

இன்றைய நிலவரத்தின் கடைசி வரிகள் இவை. இனி எழுதப்போவது ஜெர்ரிதான் என்பதால், இவை நான் எழுதும் கடைசி வரிகளும்கூட.

“ஆக்சிஜன் செறிவூட்டி: ஒன்று, பயன்பாட்டில். தேவைப்படுவோர் ஜெர்ரியை அழைக்கவும். மே மாதம் இது சர்வீசில் இருந்ததாக நான் எழுதியது உண்மையல்ல. அது தலைவரின் தோட்டத்தில், பிரிக்கப்படாமல் இருந்தது. இன்னாசிமேரி இறந்த பிறகு இங்கே வந்தது.”

உன் பெயரை எழுதவில்லை. அவர் அனுப்பியதாகவும் எழுதவில்லை.

முட்டைத் தட்டுகளை ஆண்டியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டு உடைந்திருந்தன, அவற்றை மட்டும் இங்கே கொட்டினேன்.

இனி நீ ஒளித்துப் படிக்க வேண்டியதில்லை. இதை அவர் முன்னால் உட்கார்ந்து சத்தமாகவே படிக்கலாம்.

ஜோஸ்லின்