கன்னத்தில் பட்ட கசிவு

9-5-1972, செவ்வாய்

அதிகாரியின் காரில் ஏசி குளிரவில்லை. கேஸ் எங்கே கசிகிறதென்று பார்க்கச் சோப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தேன். தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும்.

முனுசாமி போன மாதம்தான் சுரங்கத்திலிருந்து எங்கள் ஷெட்டுக்கு வந்தவன். கீழே இருட்டில் காற்றுக் குழாய் கசிந்தால் கன்னத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். இங்கேயும் அப்படியே முகத்தைக் கொண்டுபோனான்.

"இங்கதாண்ணா சில்லுனு வருது" என்று குழாயை அசைத்தான். ஜாயிண்ட் விட்டுப்போய், கேஸ் வலது கண்ணில் அடித்தது.

அந்தக் கண் இனி தேறாது என்கிறார் டாக்டர். மத்தியானம் ஜாயிண்டை மாற்றி, கேஸ் ஏற்றி, காரை அனுப்பினேன். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"லீக்கு நின்னுச்சாண்ணா?" என்றான்.

நின்றுவிட்டது என்றேன்.

அந்த கேஸ் பட்ட இடம் உறைந்துபோகும் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. யாரும் என்று எழுதுகிறேன். சொல்ல வேண்டியவன் நான்தான்.