எல்லாம் என் நேரம்

நைனா,

இன்று காலை மலையடிவாரத்து டீக்கடையில் பால் அடிபிடித்துவிட்டது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் தலை தானாகத் திரும்பி உன்னைத் தேடியது. "பாலுக்கு முதுக காட்னா அது கோச்சிக்கும்" என்று நீ சொல்வாய். அந்தக் கடைக்காரப் பையன் போனில் பேசிக்கொண்டு பாலுக்கு முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தான்.

திரும்பின இடத்தில் உன் ஓட்டல் இல்லை. அது இருந்த இடத்தில் இப்போது ஒரு கண்ணாடிக் கடை. மேலே பலகை. நின்று எழுத்துக் கூட்டினேன். "இங்கு எல்லா வகை செல்போன்களும் பழுது பார்க்கப்படும்." நானே படித்தேன் நைனா, யாரையும் கேட்கவில்லை! பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரனிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "அதுக்கு இன்னா இப்போ, பெருசு?" என்றான். அவனுக்கு எப்படித் தெரியும்?

இந்த வயதில் முதியோர் வகுப்புக்குப் போகிறேன். எழுதப் படிக்க வந்துவிட்டது. மெதுவாகத்தான் வரும். 'ழ' மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது. உன்னைக் கூப்பிடும் சொல்லை எழுத முதலில் ஒரு கொம்பு போட வேண்டும் என்பதே எனக்குப் போன மாதம்தான் தெரியும். அம்மா இருந்திருந்தால், "உங்க நைனாவுக்கு மட்டும் கொம்பா மொளைச்சிகீது?" என்று கேட்டிருப்பாள். அந்தச் சொல்லை எழுதப் பழகிய பிறகுதான் உனக்கு ஒரு மடல் எழுதலாம் என்று தோன்றியது. போய்ச் சேராது என்று தெரியும். எழுதுகிற சந்தோஷத்தை விட மனமில்லை.

அப்போது அந்த இடத்தில் ஓடு வேய்ந்த நீளக் கூடம் இருந்தது. பலகை பெஞ்சுகள். வாசலில் ஜட்கா வண்டிகள் வரிசையாக நிற்கும். குதிரைச் சாணியும் திருநீறும் காபியும் கலந்து ஒரு வாசனை வரும். எதிரில் வளையல் கடை, பூக்கடைகள். ரயில் இறங்கி மலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் உன் அடுப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். இப்போது அங்கே லாட்ஜுகள், பணம் எடுக்கும் இயந்திரம், ஷேர் ஆட்டோ. வளையல் கடை இருந்த இடத்தில் வண்டி நிறுத்தக் காசு வாங்குகிறார்கள். ஓட்டல் இருந்ததைச் சொன்னால் நம்பக்கூட ஆள் இல்லை.

உலகச் சண்டைக் காலத்தில் நூல் கிடைக்காமல் அம்மையார்குப்பத்தில் தறி நின்றதால்தான் நாம் அந்த ஓட்டலுக்குக் கூலி வேலைக்கு வந்தோம். நீ அடுப்பில் நின்றாய். அம்மா கொல்லையில் மாவாட்டினாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோசையின் முறுகலான ஓரங்களைத் தின்றுகொண்டிருப்பேன். சர்க்கரை கிடைக்காத நாட்கள். நீ வெல்லம் போட்டுக் காபி கொடுத்தாய், அதையும் ஜனங்கள் தேடிவந்து குடித்தார்கள்.

உனக்குத் தெலுங்கு அரைகுறை. ஆனால் வெட்கமே கிடையாது. நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து மொட்டைத் தலையும் சந்தனமுமாக வருகிறவர்களிடம், "ரண்டி, கூச்சோண்டி, இட்லி சூடா கீது, தினண்டி" என்பாய். வாங்க, உக்காருங்க, தின்னுங்க என்பதற்குத்தான் அந்தத் தெலுங்கு. எதிர்க்கடை வளையல்காரம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் தெலுங்குக்காரி. "ஏம்பா, உன் தெலுங்கக் கேட்டா முருகனே மலய விட்டு எறங்கி ஓடிருவான்" என்பாள். "ஓடட்டும், எறங்கனா இங்கதான் காபி குடிக்க வரணும்" என்பாய் நீ.

அந்த அரைகுறைத் தெலுங்குதான் உன்னைக் கொண்டுபோனது.

அரிசிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். ஓட்டலில் அளவுக்கு மேல் அரிசி வைத்திருந்தால் ஜெயில். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்கென்று முதலாளி விறகுக்குப் பின்னால் மூட்டைகளை அடுக்கிவிட்டு, பள்ளிப்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். அன்றைக்குப் பார்த்து அதிகாரி வந்தார். நம் ஊர் அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. அந்த அதிகாரி கடலோரத் தெலுங்குச் சீமையிலிருந்து புதிதாக வந்தவர், ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. சேவகர்கள் விறகை இழுத்துப் போட்டார்கள். மூட்டைகள் தெரிந்தன.

"ஈ பிய்யம் எவரிதி?" என்றார். இந்த அரிசி யாருடையது என்று அர்த்தம்.

கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார்கள். நீ கரண்டியைக் கீழே வைத்தாய். முதலாளியின் பெயரைச் சொல்ல உனக்கு நாக்கு வரவில்லை. கஷ்டம் வந்தால் நம்மவர்கள் என்ன சொல்வார்களோ அதைத்தான் சொன்னாய். அதிகாரிக்குப் புரிய வேண்டுமே என்று மரியாதையாக அதைத் தெலுங்கில் சொன்னாய். நெற்றியில் அடித்துக்கொண்டு, "அந்தா நா நேரம் சாமி" என்றாய்.

எல்லாம் என் நேரம். கெட்ட காலம் என்று சொல்ல வந்தாய். தெலுங்கில் நேரம் என்றால் குற்றம், நைனா.

அதிகாரியின் முகம் லேசாகிவிட்டது. இவ்வளவு சுலபமாக எவனும் ஒப்புக்கொண்டதில்லை போலிருக்கிறது. எழுத உட்கார்ந்தார். வளையல்காரம்மா கடையைப் போட்டது போட்டபடி தெருவைத் தாண்டி ஓடிவந்தாள். இவன் சொன்னது தமிழ் நேரம், தெலுங்கு நேரம் இல்லை என்று அவர் பாஷையிலேயே கையைக் கூப்பிச் சொன்னாள். "நுவ்வு ஊருகோ" என்றார் அவர். நீ சும்மா இரு என்றுதான் அர்த்தம். காகிதத்தை உன் பக்கம் தள்ளினார்கள். நீ கட்டைவிரலை வைத்தாய். போகும்போது அம்மாவைப் பார்த்து, "அடுப்புல பால் கீது, பாத்துக்கோ" என்றாய். அதுதான் நீ எங்களிடம் பேசிய கடைசிப் பேச்சு.

மறுநாள் முதலாளி வந்தார். இரண்டு பாஷையும் தண்ணீர்பட்ட பாடு அவருக்கு. அம்மா அவர் காலில் விழுந்தாள். "நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்ங்க. அது காலத்தச் சொல்லிச்சி, குத்தத்தச் சொல்லல."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நான் போய்ச் சொன்னா, அப்போ அரிசி யாருதுன்னு என்னக் கேப்பான்மா. உன் வூட்டுக்காரன் கொஞ்ச நாள்ல வந்துருவான். ஓட்டல் இருந்தாத்தான உனக்கும் வேல?"

அம்மா எழுந்தாள். "அந்த வாயி கருகிப்போவ! ரெண்டு பாஷ பேசற வாய்க்கு எவன் பூட்டுப் போட்டான்?" என்று கத்தினாள். தெருவே கேட்டது. அவர் கல்லாவில் போய் உட்கார்ந்துகொண்டார். கோர்ட்டுக் கச்சேரியிலும் அவர் வாய் திறக்கவில்லை. ரேகை வைத்த பிறகு உன் பேச்சை யார் கேட்பார்கள்?

நீ ஜெயிலிலேயே காய்ச்சலில் போய்விட்டாய் என்று சேதி வந்தது. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஓட்டலும் நிலைக்கவில்லை. உன் காபி இல்லாமல் கூட்டம் குறைந்தது, பிறகு கதவைச் சாத்தினார்கள், பிறகு ஓடுகளைப் பிரித்து விற்றார்கள். அம்மா ஆர்.கே.பேட்டையில் நாற்று நடப் போனாள். வளையல்காரம்மா நகரிக்கே போய்விட்டாள். முதலாளி மட்டும் நன்றாக இருந்து, வயதாகி, படுக்கையில் செத்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

எழுத்துப் படித்தால் ஒரு நாள் அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்துப் படித்துவிடலாம் என்று ஒரு பைத்தியக்கார ஆசை எனக்கு இருந்தது. வகுப்பில் டீச்சரம்மாவிடம் சொன்னேன். "அது தெலுங்குல இருந்திருக்கும் தாத்தா, இந்தத் தமிழ் எழுத்த வெச்சிப் படிக்க முடியாதே" என்றாள். ஆமாம். அது என் புத்திக்கு எட்டவே இல்லை. அன்றைக்கு நானே சிரித்துவிட்டேன். பிறகு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

நீ ஜெயிலில் போன சேதி வந்த அன்றைக்கு, 'நேரம்' என்று நான் சொல்லிவிட்டதற்கு அம்மா என் வாயில் அடித்து ஒன்று சொன்னாள். "அந்தச் சொல்லு இனிமே இந்த வூட்டுல வரக்கூடாது." வரவில்லை. மணி என்ன என்று கேட்பேனே தவிர நேரம் என்று கேட்டதில்லை. இந்த மடலில்தான் முதல்முதலாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக வந்திருக்கிறது. ஆனால் சொல்ல இன்னும் வரவில்லை.

என் பெரிய மகன் பஸ்ஸில் அடிபட்டுப் போனபோது வாசலில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்து, "எல்லாம் நம்ம நேரம், இன்னா பண்றது" என்றார்கள். நானும் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும், அதுதான் முறை. சொன்னால் கொஞ்சம் பாரம் இறங்கும் என்றும் தெரியும். தொண்டைவரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன். பெற்றவன் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். அடுத்து வந்தவர் கையைப் பிடித்தார். எனக்கு வேறு சொல் தெரியவில்லை நைனா. "வாங்க, உக்காருங்க" என்றேன்.